வாசலில் செருப்பு இருந்தால்

பாத்து, பாத்து தம்பி, அந்தச் சுருளு மேல உக்காந்துறாதீங்க. மடங்கிரும். கொடுங்க, நான் மடியில வச்சுக்கறேன். ம், இப்ப உக்காருங்க தாராளமா. தஞ்சாவூரு வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போவலாம். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு கெடைக்கறது அபூர்வம்.

நெலப் பத்திரமா? அட, இல்ல தம்பி. படம். எம் மக வரைஞ்ச படம். அஞ்சாவது படிக்குது, தன்ஷிகான்னு பேரு. பேரு நான் வச்சதில்ல, எம் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு யாரோ எண் பாக்கறவன்கிட்ட கேட்டு வச்சது. தஞ்சாவூருல கண்ணாடிச் சட்டம் போடறவங்க கைகாரங்கன்னு சொன்னாங்க. புதுக்கோட்டையிலயும் போடத்தான் செய்வாங்க. ஆனா நம்ம ஊருக் கடைக்காரன் படத்தப் பாப்பான், என்னப் பாப்பான், ஒரு சிரிப்பு சிரிப்பான். எதுக்கு வம்பு? ஏன் சிரிப்பான்னுதானே கேக்க வர்றீங்க. சொல்றேன். பஸ்ஸு கந்தர்வகோட்டை தாண்டறதுக்குள்ள சொல்லிருவேன்.

எம் பேரு வைரவன். ஊருக்கு வெளியில ஒரு மர அறுவை மில்லு, அதுல சூப்பர்வைசர். நீங்க அறுவை மில்லுக்குள்ள போயிருக்கீங்களா? போகாதீங்க. தேக்கு ஒரு மாதிரி கத்தும், வேம்பு ஒரு மாதிரி கத்தும். சாயங்காலம் வெளிய வந்தாலும் காதுக்குள்ள ரம்பம் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால வீட்டுல நான் எதிர்பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கறி மீனு வேணாம், காலு அமுக்க வேணாம். சத்தம் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான். இது ஒரு பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்க.

நான் குடிக்கறதில்ல தம்பி. பீடி, சிகரெட்டு, வெத்தலை, ஒண்ணும் கெடையாது. பொண்டாட்டிய ஒருநா கை நீட்டி அடிச்சதில்ல. எங்க தெருவுல வேற எவனாச்சும் நெஞ்சத் தட்டி அப்படிச் சொல்லட்டும் பாப்போம். திட்டக்கூட மாட்டேன். புடிக்கலைன்னா பேசாம இருந்துருவேன். சோறு வேணாம்னு எந்திரிச்சுருவேன். ஒரு தடவை டிவி சத்தமா வச்சிருந்தாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. ரிமோட்ட எடுத்துச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். ஒரு வாரம் மில்லுக்கு எடுத்துட்டுப் போயி எடுத்துட்டு வந்தேன். வீட்டுல யாரும் ஏன்னு கேக்கல. அப்புறம் நானாத்தான் எடுத்து டிவி பக்கத்துல வச்சேன். அதுலேருந்து டிவியில படம் ஓடும், சத்தம் வராது. ஆளுங்க வாய மட்டும் அசைப்பாங்க. வள்ளிக்கண்ணு அப்படியே சீரியல் பாக்கப் பழகிருச்சு. கதை புரியுதான்னு ஒருநா கேட்டேன். புரியுதுங்கன்னுச்சு. அப்புறம் என்ன?

இன்னொரு நாளு அவ தங்கச்சியோட போன்ல பேசிக்கிட்டிருந்தா. நான் உள்ள வந்து, "யாரு?"ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்டேன். டப்புன்னு வச்சுட்டா. வைக்கச் சொல்லி நான் சொன்னனா? ஒரு வார்த்தை சொல்லல.

இது எங்க வீட்டு வெவகாரம். வீட்டோட இருந்துச்சு. வெளிய போனது எப்படின்னு கேளுங்க.

எங்க நகருல குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கட்டடம் இருக்கு. முன்ன ரேஷன் கடை இருந்த எடம். கடை வேற தெருவுக்குப் போனதும் சும்மா கெடந்துச்சு. பூபாலன்னு ஒருத்தரு, பேங்குல வேலை பாத்து ஓய்வு பெற்றவரு, அவருதான் சங்கச் செயலாளர். அவருக்குப் பொழுது போகணும்ல? வெள்ளையடிச்சு, டியூப் லைட்டு மாட்டி, "மக்கள் கலைக்கூடம்"னு போர்டு வச்சுட்டாரு. சுத்துவட்டாரத்துத் தொடக்கப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரையற படம், எழுதற கவிதை, எல்லாத்தையும் அங்க மாட்டுவாங்களாம். ஊரே வந்து பாக்கணுமாம். போன வருசத் தலைப்பு, "எங்கள் வீடு".

சரி, பள்ளிக்கூடத்துல இதெல்லாம் எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? புள்ளைங்க எங்க வரையுது? சார்ட்டு வாங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாங்க, அம்மாவோ மாமாவோ ராத்திரி உக்காந்து வரைவாங்க, புள்ள பேரு மட்டும் எழுதும். மூணாவது படிக்கற புள்ள வரைஞ்ச படத்துல கோபுரத்துக்கு நெழலு விழுந்திருக்கும். கவிதைன்னா அதுக்குன்னே எழுதித் தர்ற தாத்தாமாரு தெருவுக்கு ஒருத்தரு இருக்காங்க. அதுதான் மொறை. ஆனா எம் மகளுக்கு வாச்ச டீச்சரு, ஜெனிட்டா மிஸ்ஸுன்னு, புதுசா வந்த பொண்ணு. அந்த மொறை தெரியாது. வகுப்புலயே எல்லாரையும் உக்கார வச்சு, "உங்களுக்குத் தோணுறதை வரைங்க, தோணுறதை எழுதுங்க"ன்னு விட்டுருச்சு. வாங்கி அப்படியே நேரா கூடத்துக்குக் கொண்டுபோயிருச்சு. பெத்தவங்க கண்ணுல காட்டவே இல்ல. தப்பு அங்கதான் தொடங்குச்சு. புள்ளையில தப்பில்ல, நான் அத இன்னிக்கும் சொல்லுவேன்.

தொடக்க விழாவுக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டுக் கெளம்பினேன் தம்பி. எனக்கும் பெருமை இருக்காதா? வள்ளிக்கண்ணு தலைவலின்னு வரல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும், புள்ள அவகிட்ட சொல்லியிருக்கும். கூடத்து வாசல்ல செருப்ப விட்டுட்டு நானும் பாப்பாவும் உள்ள போனோம். போனதும் அது என் விரலப் புடிச்சு இழுக்குது. "அப்பா, இந்தப் பக்கம் வாங்கப்பா, இங்க மயிலு இருக்குப்பா." பாத்தோம். "அப்பா, இங்க காந்தித் தாத்தாப்பா." அதையும் பாத்தோம். "உன்னுது எங்க?"ன்னு கேட்டேன். "அது சும்மாப்பா. சின்னதுப்பா. வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்." எனக்கு என்ன தோணுச்சுன்னா, புள்ளைக்குக் கூச்சம். நம்ம புள்ளைக்குத் தன்னடக்கம் பாரு அப்படின்னு நெனச்சுக்கிட்டேன்.

கடைசிச் சொவத்துகிட்ட ஒரே கூட்டம். சிரிப்பு. நான் எக்கிப் பாத்தேன். அதுதான் எம் மகளோடது. கீழ பேரு, நாலாம் வகுப்பு, எல்லாம் இருக்கு.

படத்துக்கு அதுவா வச்ச பேரு "என் குடும்பம்". அம்மான்னு ஒரு உருவம், தானுன்னு ஒரு உருவம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ரெண்டுக்கும் கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, வாயி இல்ல. வரைய மறந்துருச்சுன்னுதான் மொதல்ல நெனச்சேன். கதவு தொறந்திருக்கு. வாசப்படியில ஒரு சோடி செருப்பு. தாளுல பாதி எடத்த அந்தச் செருப்பு அடைச்சுக்கிட்டிருக்கு தம்பி, வீட்ட விடப் பெருசா! கீழ எழுதியிருக்கு: "அப்பா".

பொய் சொல்லக் கூடாது, செருப்ப நல்லா வரைஞ்சிருந்துச்சு. எடது வாரு அந்து நான் வெள்ளை நூலுல தைச்சிருந்தேன், அந்தத் தையல் இருக்கு. மில்லுல ஒட்டுற மரத்தூளு, அதக்கூட மஞ்சப் பென்சிலால புள்ளி புள்ளியா வச்சிருக்கு. எம் மூஞ்சிய அது அவ்வளவு உத்துப் பாத்ததில்ல.

பக்கத்துலயே கவிதை. எனக்கு மனப்பாடம். சொல்றேன் கேளுங்க.

வாசலில் செருப்பு இருந்தால்
டிவிக்கு வாய் இல்லை
அம்மாவுக்கு வாய் இல்லை
எனக்கும் வாய் இல்லை
குக்கருக்கு மட்டும் பயமே இல்லை
மூன்று தடவை கத்தும்
நான் மனசுக்குள் கை தட்டுவேன்.

சிரிக்காதீங்க தம்பி. இல்ல இல்ல, பரவாயில்ல, சிரிங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் என்ன. அதுல பாருங்க, கவிதையிலயே தப்பு. எங்க வீட்டுல அரிசிக்கு நாலு விசிலு. மூணுன்னு எழுதியிருக்கு. இதக்கூடச் சரியாக் கவனிக்காத புள்ள எழுதினத ஊரே நம்புது.

ரிப்பன் வெட்ட வந்த டாக்டரம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. "யாரு இந்தக் குட்டிக் கவிஞர்?"னு கேட்டாங்க. பூபாலன் சாருக்குக் கையி காலு ஓடல. மைக்கு வேற கையில இருக்கா? "இந்தக் குழந்தையோட அப்பாவே நம்ம மத்தியில இருக்காரு!"ன்னு அறிவிச்சுட்டாரு. எல்லாரும் திரும்பினாங்க. தம்பி, ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாக்கல. காலப் பாத்தாங்க. அத்தன பேரும் காலத்தான் பாத்தாங்க. வெறுங்காலு. நான் காலு வெரல மடக்கிக்கிட்டு நின்னேன். அப்புறம் கை தட்டினாங்க. எதுக்குத் தட்டினாங்கன்னு தெரியல.

அதோட போச்சா? வெளிய வந்தா, வாசல்ல செருப்புக் குமியல். அந்தக் குமியல்லேருந்து என்னுத எடுக்கணும். எல்லாரும் அங்கயே நின்னு பேசிக்கிட்டிருக்காங்க, நகர மாட்டேங்கறாங்க. நான் தண்ணி குடிக்கற மாதிரி நின்னேன், போர்டப் படிக்கற மாதிரி நின்னேன். அப்ப ஒரு வாண்டு, அதுக்கு மூணு நாலு வயசுதான் இருக்கும், குமியலக் காட்டிக் கத்துது: "அம்மா! அந்தச் செருப்பும்மா! படத்துல இருந்த செருப்பு!" தையல வச்சுக் கண்டுபுடிச்சுருச்சு. சனியன்.

நான் போட்டுக்காமலே வந்துட்டேன். வண்டியில பாப்பாவ முன்னாடி உக்கார வச்சு, வெறுங்காலோட. வழியில அது கேட்டுச்சு, "கோவமாப்பா?" இல்லன்னேன். "கோவமாப்பா?" இல்லம்மான்னேன். அதுக்கப்புறம் அது கேக்கல. ஹேண்டில்பார இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு.

வீட்டுல நான் ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கும் சொல்லல, மறுநாளும் சொல்லல. சாப்பாடு பக்கத்துக் கடையில பாத்துக்கிட்டேன். வள்ளிக்கண்ணு வந்து நின்னா. "திட்டிருங்க"ங்கறா. "ஒரே ஒரு வார்த்தை திட்டிருங்க. புள்ள தூங்க மாட்டேங்குது. கையால ரெண்டு அடியாச்சும் வச்சுருங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க." கேட்டீங்களா? அடிக்கச் சொல்லுது! அடிக்காத புருசன் கெடைச்சுட்டா அதோட அருமை தெரியறதில்ல.

மூணாம் நாளு காலையில வாசல்ல எஞ்செருப்பு இருந்துச்சு. பூபாலன் சாரு ஆளுவிட்டுக் கொடுத்தனுப்பியிருக்காரு. தொடைச்சு, ஒரு பையில போட்டு.

அப்புறம் ஊரு சும்மா இருக்குமா? டீக்கடையில பாய்லரு சத்தம் போட்டா என்னப் பாப்பாங்க. மில்லுல நான் உள்ள நொழஞ்சா ரம்பத்த நிறுத்திட்டு வாய மூடிக்கிட்டு நிப்பானுங்க, வேணும்னே. ஒரு பத்திரிகையில வேற வந்துருச்சு, உள்ளூர்ப் பக்கத்துல. படம், கவிதை, பேரு. எம் மச்சினன் அத வெட்டிப் பத்திரமா வச்சிருக்கானாம்.

பூபாலன் சாருகிட்டப் போயி, படத்த எடுத்துருங்கன்னேன். "அய்யோ, அதப் பாக்கத்தான் சார் சனமே வருது"ங்கறாரு. அந்த ஜெனிட்டா மிஸ்ஸப் போயிப் பாத்தேன். மரியாதையாத்தான் பேசினேன். "ஏம்மா, நான் குடிக்கறனா? அடிக்கறனா? எதுக்கு எம் மானத்த வாங்கறீங்க?"ன்னேன். அந்தப் பொண்ணு எம் மூஞ்சியப் பாத்து, "அதெல்லாம் அவ எழுதலையே சார்"னுச்சு. "இருக்கறத மட்டுந்தானே எழுதியிருக்கா. நீங்க அவகிட்ட ஒருநாள் உக்காந்து பேசிப் பாருங்க சார்." எனக்குப் பாடம் எடுக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கேயே... ஒண்ணும் சொல்லல. வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு தம்பி. நான் யோசிக்காதவன் இல்ல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். புள்ள பயப்படுது, சரி. எதப் பாத்துப் பயப்படுது? என்னப் பாத்தா? நான் என்ன பண்ணினேன்? செருப்பப் பாத்து. அதுவே எழுதியிருக்குல்ல, "வாசலில் செருப்பு இருந்தால்"னு. அப்ப செருப்பு இல்லாட்டி? பிரச்சினை தீந்துச்சு. இதுதான் நான் கண்ட வழி. ஒருத்தன் யோசனையும் கேக்கல.

மறுநாளு சாயங்காலம் தெரு முக்குலயே வண்டிய நிறுத்திட்டேன். செருப்பக் கழட்டி வண்டிப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டினேன். வெறுங்காலோட நடந்து வந்தேன். கல்லு குத்துது, இருந்தாலும் வந்தேன். கிரில் கேட்டுல கைய வச்சேன்.

உள்ள சிரிப்புச் சத்தம்.

ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. வள்ளிக்கண்ணு யாரு மாதிரியோ பேசிக் காட்டுறா. மூக்கால பேசுறா, இழுத்து இழுத்து. பாப்பா, "அம்மா போதும்மா, வயிறு வலிக்குதும்மா"ன்னு உருளுது. தரையில உருள்ற சத்தம் கேக்குது. தம்பி, கல்யாணமாகி இத்தன வருசத்துல எம் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மில்லு எரைச்சல்லாம் காதுலேருந்து எறங்கிப்போச்சு. அப்படியே நின்னேன். எனக்கு அழுகை வந்துருச்சுன்னா நம்புவீங்களா? சந்தோசத்துலதான். நானும் போயி அந்தத் தரையில உக்காரணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் வேணாம், உக்காந்தாப் போதும்.

கதவத் தொறந்தேன். நின்னு போச்சு.

"என்ன சிரிப்பு?"ன்னு கேட்டேன். ஆசையாத்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க"ன்னு வள்ளிக்கண்ணு எந்திரிச்சுருச்சு. சேலையச் சரி பண்ணிக்கிட்டு வாசலப் பாக்குது. செருப்பத் தேடுது.

"பரவால்ல, சொல்லு. நானும் சிரிக்கறேன்."

"சும்மாங்க."

"பாப்பா, நீ சொல்லு. யாரு மாதிரி பேசுனா அம்மா?"

பாப்பா அழ ஆரம்பிச்சுருச்சு. "எழுத மாட்டேம்ப்பா, இனிமே எழுத மாட்டேம்ப்பா"ங்குது. நான் எழுதுறதப் பத்திக் கேட்டனா? சிரிப்பப் பத்தித்தானே கேட்டேன்.

சரி, மொத நாளு, பழகலன்னு விட்டேன். மறுநாளும் அதே மாதிரி வந்தேன். சீக்கிரமா வந்து பாத்தேன், லேட்டா வந்து பாத்தேன். மத்தியானம் மில்லுலேருந்து திடீர்னு வந்து பாத்தேன். பின்பக்கமா வந்து சன்னலுக்குக் கீழ நின்னும் பாத்தேன். அந்தச் சிரிப்ப இன்னொரு தடவை கேக்கணும், இந்தத் தடவை மெதுவா உள்ள போவணும், கேள்வி கேக்கக் கூடாது, பேசாம உக்காந்துறணும்னு மனசுல எல்லாம் சரியா வச்சிருந்தேன். ஆனா கேக்கல. ஒரு நாளும் கேக்கல. முன்னயாச்சும் செருப்பு இருக்கான்னு பாத்துக்கிட்டாங்க. இப்பச் செருப்பு இல்லாட்டியும் நான் இருப்பேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? காலையில நான் மில்லுக்குப் போனப்புறங்கூட வீட்டுல சத்தம் இல்லன்னு பக்கத்து வீட்டு அம்மா சொல்லுது. "ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன் தம்பி, வீடு பூட்டிக் கெடந்த மாதிரி இருந்துச்சே"ன்னு கேக்குது.

குக்கரையும் எடுத்துப் பரண்ல போட்டுட்டா. சோறு வடிக்கறா. ஏன்னு கேட்டேன். குக்கர் சோறு ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னாராம். எந்த டாக்டருன்னு நான் கேக்கல.

இதுலேருந்து என்ன தெரியுது? செருப்பு காரணமே இல்ல. நிரூபிச்சாச்சு. அந்தக் கவிதையே தப்பு. இதப் பூபாலன் சாருகிட்டச் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, திரும்ப மாட்டிக்கிட்டாரு, "மழ வர்ற மாதிரி இருக்கு சார்"னுட்டுப் போயிட்டாரு.

உங்க வீட்டுல எப்படி தம்பி? நீங்க உள்ள போனா என்ன சத்தம் கேக்கும்? சின்னப் புள்ள இருக்கா? ஓடி வந்து காலக் கட்டிக்குமா? ஓ. நல்லது. நல்லது. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

அத விடுங்க. இந்த வருசக் கதைக்கு வருவோம். இந்த வருசமும் அதே கூடம், அதே மாதிரி படம். தலைப்பு "நானும் என் குடும்பமும்". ஜெனிட்டா மிஸ்ஸு இந்தத் தடவையும் வகுப்புலதான் வரையச் சொல்லியிருக்கு. ஆனா எம் மக என்ன பண்ணுச்சு தெரியுமா? தாள மடிச்சுப் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துருச்சு. நேரா எங்கிட்ட வந்து நீட்டுது. "அப்பா, என்ன வரையணும்னு சொல்லுங்கப்பா." நான் கேக்கல தம்பி. அதுவா வந்துச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு.

பிரிச்சுக் காட்டறேன், அந்த ஓரத்தப் புடிங்க. பாருங்க. அப்பா, அம்மா, பாப்பா. மூணு பேரும் கையக் கோத்துக்கிட்டு. எல்லாருக்கும் வாயி இருக்கு பாருங்க, பெருசா, பல்லு தெரியச் சிரிப்பு. சூரியனுக்கும் சிரிப்பு. ரெண்டு மல, தென்ன மரம், எல்லாம் நான் சொல்லிச் சொல்லி வரைஞ்சது. காலா? காலு புல்லுக்குள்ள இருக்கு. மூணு பேருக்கும் முழங்கால் வரைக்கும் புல்லு வரைஞ்சுருச்சு. அது மட்டும் நான் சொல்லல, அதுவா வரைஞ்சது. காலு வரையறது கஷ்டம்ல.

கீழ கவிதை. அதுவும் நான் சொன்னதுதான்.

எங்கள் வீடு நல்ல வீடு
அன்பு நிறைந்த இன்ப வீடு
அப்பா அம்மா இரு கண்கள்
அவரே எங்கள் தெய்வங்கள்.

சந்தம் எப்படி விழுது பாத்தீங்களா? இத எங்க மாட்டினாங்க தெரியுமா? சுவிட்சு போர்டுக்குக் கீழ. ஒயரு பாதிய மறைச்சுக்கிட்டிருக்கு. போன வருசம் சிரிச்சாங்களே அத்தன பேரு, அவங்கள்ல ஒருத்தரும் இதுகிட்ட நிக்கல. நான் நின்னேன். கூடம் பூட்டற வரைக்கும் நின்னேன். ஜெனிட்டா மிஸ்ஸு வந்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. பாப்பாகிட்டக் குனிஞ்சு, "இது நீயா வரைஞ்சது, தனு?"ன்னுச்சு. பாப்பா என்னப் பாத்துச்சு. அப்புறம், "ஆமா மிஸ்"னுச்சு. "வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?" "நல்லா இருக்கு மிஸ்." அந்தப் பொண்ணு பாப்பா தலையத் தொட்டுட்டு விறுவிறுன்னு வெளிய போயிருச்சு. பாராட்டி ஒரு வார்த்தை? இல்ல. அவங்களுக்கு அப்பன அசிங்கப்படுத்தினாத்தான் கவிதை.

சுருட்டிருவோம், காத்துல கிழிஞ்சுரும். சட்டம் போட்டு, உள்ள நொழஞ்சதும் கண்ணுல படற மாதிரி மாட்டப் போறேன். வர்றவங்க பாக்கட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ஒரு வருசத்துல பாப்பா எங்கிட்ட ரொம்ப ஒட்டிக்கிச்சு. எது எழுதணும்னாலும் எங்கிட்டத்தான். லீவு லெட்டரு, கட்டுரை, எல்லாம். எழுதிட்டு வந்து காட்டுறது போயி, இப்ப வெள்ளத் தாளாவே கொண்டு வந்து நீட்டுது. போன வாரம் மிஸ்ஸு, "எனக்குப் பிடித்த சத்தம்"னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்கு. என்ன தலைப்பு பாருங்க. நான் கேட்டேன், "உனக்கு எந்தச் சத்தம் புடிக்கும்?" அது யோசிக்கவே இல்ல. "உங்களுக்கு எதுப்பா புடிக்கும்? அதையே எழுதிக்கறேன்"னுச்சு.

எனக்குச் சட்டுன்னு ஒண்ணும் தோணல. மழைச் சத்தம்னு எழுதிக்கன்னு சொன்னேன். சொன்னப்புறந்தான் ஞாபகம் வருது, புள்ளைக்கு மழைன்னா ஆகாது. சின்னதுலேருந்து காதப் பொத்திக்கிட்டு அவ அம்மா முந்தானைக்குள்ள பூந்துக்கும். வேற சொல்லட்டான்னு கேட்டேன். "வேணாம்ப்பா, மழைதான் எனக்கும் புடிக்கும்"னுட்டு எழுதத் தொடங்கிருச்சு. நான் சொல்லச் சொல்ல எழுதுச்சு. குண்டு குண்டா, அடிச்சுத் திருத்தாம.

முடிச்சதும், வாசிச்சுக் காமின்னேன். வாசிச்சுச்சு. நல்ல கொரலு தம்பி அதுக்கு. கணீர்னு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா. எம் மக கொரல நான் அவ்வளவு நேரம் சேந்தாப்ல கேட்டது அன்னிக்குத்தான். இன்னொரு தடவை வாசின்னேன். வாசிச்சுச்சு. அடுப்படியில வள்ளிக்கண்ணு பாத்திரத்த அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்குது. இன்னொரு தடவைன்னேன். முகத்துல ஒரு சிணுங்கல் இல்ல, ஏன்னு ஒரு கேள்வி இல்ல. போதும்னு நான் சொல்ற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்துச்சு.